வரம் கேட்டால் வாரம் கேட்கிறது: மதுரைப் பாடகர் குழு ஒன்றின் உச்சரிப்பும் தொண்டையும் (நிகழ்வு ஆய்வு)

தேவாலயப் பாடகர் குழு பாடியது இது:

மனம் தளரும் வேளையிலே வரம் தாரும் நாதா
கனத்த இருள் சூழ்ந்தாலும் விழித்திருந்து வாழ்வோம்

கடைசி பெஞ்சில் ஒருவரைப் பாட்டுத்தாள் கொடுக்காமல் உட்கார வைத்து, "காதுல விழுந்தத அப்படியே எழுதுங்க, நீங்களா திருத்தாதீங்க" என்று சொன்னபோது அவர் எழுதித் தந்தது இது:

மானம் தளரும் வேலையிலே வாரம் தாரும் நாதா
கானத்த இருல் சூள்ந்தாலும் விளித்திருந்து வாள்வோம்

வரம் கேட்ட பாட்டு வாரம் கேட்கும் பாட்டாகிவிட்டது. ஊர்ப்பக்கம் வாரம் என்றால் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவருக்கு விளைச்சலில் சேரும் பங்கு. மானம் போகிற வேலைக்குப் பங்கு கொடு என்று ஆண்டவரிடமே பஞ்சாயத்து வைப்பதுபோல் இருக்கிறது. சிரித்துவிட்டுத் தாளைக் கசக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் குழுவின் கோளாறு முழுக்க அதில்தான் இருந்தது. எட்டுப் பிழை: மூன்று இடத்தில் குறில் நெடிலாகியிருக்கிறது, ஐந்து இடத்தில் ல, ள, ழ இடம் மாறியிருக்கிறது.

இங்கே பேசப்படும் குழு ஏதோ ஒரு குறிப்பிட்ட சபையின் குழு அல்ல. மதுரை நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சபைக் குழுக்களில் திரும்பத் திரும்பக் காணும் நிலையை ஒரே குழுவாக வைத்துப் பார்க்கிறோம். மேலே உள்ள இரண்டு வரியும் இந்த ஆய்வுக்கென்றே எழுதியவை. சிக்கல் எல்லாம் ஒரே இடத்தில் வரவேண்டும் என்று வேண்டுமென்றே கோத்தவை.

குழு

28 பேர். சோப்ரானோ (பெண்களில் உயர்ந்த குரல்) 10, ஆல்ட்டோ (பெண்களில் தாழ்ந்த குரல்) 8, டெனர் (ஆண்களில் உயர்ந்த குரல்) 4, பேஸ் (ஆண்களில் தாழ்ந்த குரல்) 6. கல்லூரிப் பிள்ளைகள், பள்ளி ஆசிரியைகள், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் எல்லாரும் கலந்த கூட்டம். சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம் பிராக்டிஸ், ஞாயிறு ஆராதனைக்கு முன் அரை மணி நேரம். பார்ட்ஸை, அதாவது ஒவ்வொரு குரலுக்கும் உரிய தனி மெட்டை, சொல்ஃபாவில் (டோ, ரே, மி என்று சுரத்தைப் பெயர் சொல்லிப் பாடும் முறை) கற்றுக்கொள்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் இங்கிலாந்தில் பரப்பிய அந்த முறை தமிழ்ச் சபைகளில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பாட்டு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வரும். எல்லாரும் போனைக் குனிந்து பார்த்துப் பாடுவார்கள். கட்டடம் உயரமான கூரை, கல் தரை. நடுவில் நின்று கைதட்டினால் ஒலி அடங்க இரண்டு நொடி ஆகும். பாட்டு நான்கு எண் தாளம் (எண் என்றால் தாளத்தின் ஒரு தட்டு), நிமிடத்துக்கு 72 எண் வேகம், சுருதி ஜி மேஜர்.

கமிட்டியின் புகார் ஒன்றே ஒன்று: "பின்னாடி வார்த்தை புரியல." அதற்குக் குழுத் தலைவர் வழக்கமாகச் சொல்லும் மருந்தும் ஒன்றே ஒன்று: "சத்தமா பாடுங்கப்பா."

நோயை வளர்த்ததே அந்த மருந்துதான். உயிரொலியைக் குரல்நாண் எழுப்புகிறது. மெய்யொலியின் வடிவத்தை நாக்கும் உதடும் பல்லும் கொடுக்கின்றன. காற்றைக் கூட்டி அழுத்தினால் உயிர் பெருகும், மெய் அந்த அளவுக்குப் பெருகாது. கத்தக் கத்த அ, ஆ, ஓ மட்டும் மண்டபத்தை நிறைத்து, த்தும் ழ்ழும் அதற்கடியில் அமுங்கிப் போகும். இன்னொன்று, சத்தம் கூட்டுவதற்குத் தாடை தானாகவே கீழே இறங்கும். தாடை இறங்கினால் அகரம் ஆகாரத்தின் நிறத்துக்குப் போய்விடும். மனம் மானமானது உச்சரிப்பு தெரியாததால் அல்ல, கத்தியது அதற்கு ஒரு காரணம்.

இந்தச் சுற்று அங்கேயே நிற்பதில்லை. பக்கத்தில் நிற்பவர் கத்தினால் தன் குரல் தனக்குக் கேட்காது. கேட்காவிட்டால் தானும் கத்துவார். இரைச்சலில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் எதியென் லோம்பார் 1911இல் விளக்கினார். லோம்பார் விளைவு என்றே அதற்குப் பெயர். மதுரையில் அந்த இரைச்சலுக்குக் குறைவே இல்லை. குழுவின் தலைக்குமேல் நான்கு சீலிங் ஃபேன், பக்கவாட்டில் இரண்டு பெடஸ்டல் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே ஷேர் ஆட்டோ. ஆக முதல் சனிக்கிழமை செய்த முதல் வேலை பெடஸ்டல் ஃபேன் இரண்டையும் பத்து நிமிடம் நிறுத்தியதுதான். மே மாதம் 40 டிகிரியில் இதைச் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலை தொடங்கியது செப்டம்பர் கடைசியில், முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

சொல்லில் செய்த வேலை

முதல் இரண்டு வாரம் இந்தப் பாட்டின் ராகத்தையே தொடவில்லை. தாளம் போட்டு வரியைப் பேச மட்டும் செய்தார்கள். பேசும்போது 28 பேரும் "மனம்" என்றுதான் சொல்கிறார்கள், ஒருவர்கூட "மானம்" என்பதில்லை. ராகம் வந்து உட்கார்ந்ததும் ஏன் கெடுகிறது?

பாட்டுத்தாளில் அசை பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மனம் என்பது நிரையசை. இரண்டு குறில் சேர்ந்து ஒற்றோடு முடிவது. முதல் எழுத்து சட்டென்று போய் இரண்டாவதில் நிற்பதே அதன் இயல்பு. வரம், இருள் இரண்டும் அப்படியே. கனத்த என்பதன் தொடக்கமும் அதே. ராகமோ மேல்நாட்டு ஞானப்பாட்டு அச்சில் வார்த்தது: முதல் தட்டு கனமாகவும் நீளமாகவும், அடுத்தது குட்டையாகவும் இருக்கும். 'ம' எழுத்துக்கு இரண்டு எண், 'னம்' என்பதற்கு ஒரு எண். ஒரு மாத்திரை எழுத்தைப் பிடித்து இரண்டு எண் இழுத்தால் காது அதை நெடிலாகத்தான் வாங்கும்.

கிறிஸ்தவக் கீர்த்தனைகளில் இந்தத் தொல்லை குறைவு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தமிழ் யாப்பும் கர்நாடக ராகமும் தெரிந்து எழுதியவர்கள். மொழியின் நடையும் தாளத்தின் நடையும் ஒன்றாகவே பிறந்தன. அவற்றைத் தொகுத்து 1853இல் நூலாக்கிய எட்வர்ட் வெப், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பெருமைதான். மொழிபெயர்ப்புப் பாமாலைப் பாட்டுகளிலும், மேல்நாட்டு ராகத்தில் புதிதாக எழுதும் பாட்டுகளிலும்தான் எண் கணக்கு பொருந்தி எழுத்துக் கணக்கு முறிகிறது.

தீர்வு இரண்டு. ராகத்தைத் தொட உரிமை இருந்தால் கால அளவை மாற்றி எழுதலாம்: 'ம' ஒரு எண், 'னம்' இரண்டு எண். சுரம் மாறாது, இரண்டு சுரத்தின் நீளம் மட்டும் இடம் மாறும். 'வரம்' என்ற இடத்தில் இப்படியே செய்தார்கள்; யாருக்கும் உறுத்தவில்லை. பாட்டின் முதல் சொல்லான மனத்திலும், இரண்டாம் வரி தொடங்கும் கனத்த என்பதிலும் செய்ய முடியவில்லை. பேஸ் அங்கே சுரம் மாறுகிறது. நீளத்தை மாற்றினால் ஹார்மனி ஒரு எண் முந்திக்கொள்ளும்.

அங்கே இரண்டாவது வழி. நீளத்தை விட்டுவிட்டு நிறத்தைக் காப்பது. தமிழில் அகரமும் ஆகாரமும் நீளத்தில் மட்டும் வேறுபட்டவை அல்ல. ஆகாரத்துக்கு வாய் நன்றாகத் திறக்கும், அகரத்துக்குப் பாதிதான். பல்லிடையில் இரண்டு விரல் நுழைந்தால் ஆ, ஒரு விரல் என்றால் அ. இரண்டு எண்ணும் அந்த ஒரு விரல் அளவிலேயே நின்று, முதல் எண்ணில் அழுத்தி இரண்டாம் எண்ணில் குரலை லேசாக்க வேண்டும். அப்படிப் பாடினால் சுரம் நீண்டாலும் காது அதை 'ம' என்றே எடுத்துக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: குறிலைக் காப்பாற்றுகிறேன் என்று 'ன்' ஒலியை முந்திப் பிடித்து இழுத்தவர்கள் உண்டு. அது மன்னம் ஆகிவிடும். மெய்யை நீட்டுவது குறிலுக்கு மருந்தல்ல.

அடுத்தது மகர ஒற்று. இரண்டு வரியில் மனம், தளரும், வரம், தாரும், சூழ்ந்தாலும், வாழ்வோம் என்று ஆறு சொல் 'ம்' என்று முடிகின்றன. பேச்சில் நாம் 'ம்' என்று உதட்டை மூடுவதே அபூர்வம். மூக்கில் லேசாக விட்டுவிட்டுப் போய்விடுகிறோம். குழுவில் பாதிப் பேர் மூக்கில் விட்டார்கள், மீதிப் பேர் உதட்டை மூடினார்கள். மூடியவர்களிலும் ஆளுக்கொரு நேரம். கேட்பவருக்கு ஆறு இடத்திலும் ஒரு கிழிசல்.

மனம் தளரும், வரம் தாரும் என்ற இரண்டு இடத்தில் புணர்ச்சி விதியே உதவிக்கு வந்தது. மகரத்துக்குப் பின் தகரம் வந்தால் மகரம் நகர ஒற்றாகும்: மனந்தளரும், வரந்தாரும். வாய் தானாகச் செய்ய விரும்புவதும் அதைத்தான். தாளில் 'ந்' என்று பேனாவால் திருத்தி எழுதிவிட்டார்கள். உதடு மூடித் திறக்கும் வேலை மிச்சம். நாக்கு பல்லடியில் ஒரே முறை போய் ஒட்டி அங்கேயே தகரத்தை வெடிக்கிறது. ஓட்டம் அறுபடவில்லை. கடைசி 'வாழ்வோம்' மட்டும் வேறு கதை. அது நான்கு எண் நிற்கும் சுரம். மூன்று எண் முழுக்க 'ஓ', நான்காம் எண் விழும்போது எல்லாரும் ஒன்றாக உதட்டை மூடி 'ம்', அந்த எண் முடியும்வரை சுருதியோடு ரீங்காரம். ம், ன், ல், ள், ழ் எல்லாம் சுருதி தாங்கும் மெய்கள். அவற்றைக் கடைசி நொடியில் வெட்டிப் போடாமல் பாடலாம். தமிழில் சொற்கள் முடிவது பெரும்பாலும் இவற்றிலோ உயிரிலோதான். கோரஸ் பாட்டுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

வல்லின இரட்டை நேர்மாறானது. கனத்த, விழித்திருந்து இரண்டிலும் 'த்த்' என்ற இடத்தில் ஒலி நிற்க வேண்டும். நூல் பிடித்ததுபோல் இழைத்துப் பாடு என்று பழக்கியிருப்பதால் குழு அந்த நிறுத்தத்தை விழுங்கிவிடுகிறது. கனத்த என்பது 'கனத' என்றாகிறது. 72 வேகத்தில் ஒரு எண் 0.83 நொடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு நாக்கு பல்லில் ஒட்டி மௌனம். அந்த மௌனம் முன்னாலிருக்கும் உயிரிடமிருந்து எடுக்கப்பட வேண்டும், பின்னால் வரும் உயிரிடமிருந்து அல்ல. பின்னால் எடுத்தால் அடுத்த உயிர் தட்டுக்குப் பிந்தி விழும், தாளம் இழுக்கும். எந்த எழுத்தானாலும் விதி இதுதான்: உயிர் விழ வேண்டியது தட்டின் மேல், மெய் தட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் தாரும் என்பதில் 'த' எழுத்துக்குப் பின்னால் மூச்சை ஊதுவார்கள். உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்தால் காற்று படும். தமிழ் வல்லினத்துக்கு அந்த ஊதல் கிடையாது. ஊதினால் சொல்லும் அந்நியமாகும், மூச்சும் வீணாகும்.

கனத்த இருள் என்ற சேர்க்கையில் மூன்று கட்சி. சிலர் 'கனத்த யிருள்', சிலர் இலக்கணப்படி 'கனத்தவிருள்', இளைஞர்கள் தொண்டையை டக்கென்று மூடித் திறந்து 'இருள்'. மூன்றாவது தொண்டைக்கு ஆகாது. குரல்நாண் இரண்டும் மோதித் திறக்கிறது. இலக்கணம் வகர உடம்படுமெய்யின் பக்கம்தான், ஆனால் இன்றைய காதுக்கு அது 'விருள்' என்று விழும். குழு எடுத்த முடிவு: சேர்க்காமல், மூச்சும் விடாமல், முந்திய அகரத்தை ஒரு இழை குறைத்து, மூச்சோடு சேர்த்தே இகரத்தை மெதுவாகத் தொடங்குவது. இலக்கண ஆசிரியர் ஒருவர் குழுவில் இருந்தால் இதற்கு ஒரு சண்டை நிச்சயம்.

விழித்திருந்து என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம், அரை மாத்திரை. உதட்டைக் குவிக்காமல் சொல்வது. குழு அதை 'தூ' என்று குவித்து இழுத்தது. உதட்டைச் சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரே வாக்கியத்தில் அது சரியானது. வேளையிலே என்பதன் நடுவில் இருக்கும் ஐகாரத்துக்கும் அதிக வேலை இல்லை: அகரத்தில் நின்று கடைசியில் இகரத்தைத் தொட்டால் போதும், பேச்சில் வருகிற 'வேளெயிலே' வேண்டாம்.

ல, ள, ழ சிக்கலுக்குத்தான் நாள் பிடித்தது. காரணம், அது ஒரு தவறு அல்ல, இரண்டு. மதுரையிலும் தெற்கேயும் ழகரம் பேச்சில் ளகரமாகிவிடும், வாழைப்பழம் வாளப்பளம்தான். மூத்தவர்களுக்கு அந்தப் பழக்கம். இளையவர்களில் சிலருக்கு ளகரமே லகரமாகிவிட்டது. வேளை வேலையானதும் இருள் இருலானதும் அவர்களால். ஆளைப் பார்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது.

இளையவர்களுக்கு: ல சொன்னால் நாக்கு நுனி மேல் பல்லின் ஈறில். அங்கிருந்து நாக்கை எடுக்காமல் அண்ணத்தின் மேலேயே பின்னோக்கி இழுத்து, மேடு முடிந்து குழிவு தொடங்கும் இடத்தில் நுனியை ஒட்டினால் ள. வேலை, வேளை, வேலை, வேளை என்று பத்து முறை, முதலில் மெதுவாக. மூத்தவர்களுக்கு: 'ஆ' என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே நாக்கு நுனியை மேலே சுருட்ட வேண்டும், அண்ணத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ள. தொடாமல் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒலி தானாகவே ழகரமாக மாறும். அமெரிக்கர் 'கார்' என்று சொல்லும்போது கடைசியில் கேட்கும் ஒலி இதற்கு மிக நெருக்கம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அப்படிச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ழகரம் வந்துவிட்ட பிறகு புதுத் தொல்லை ஒன்று. சரியாகச் சொல்ல வேண்டும் என்ற ஆர்வத்தில் 'வா' தொடங்கும்போதே நாக்கைச் சுருட்டிவிடுகிறார்கள். ஆகாரம் முழுக்க இருண்டுபோய், சுருதி இறங்கியதுபோல் கேட்கிறது. 'வா' முழுக்க நாக்கு கீழ்ப்பல்லைத் தொட்டபடி கிடக்க வேண்டும். எண்ணின் கடைசிக் கால் பங்கில்தான் சுருள வேண்டும். பேஸில் இரண்டு பேருக்குக் கடைசிவரை ழ வரவில்லை. அவர்களை விலக்கவில்லை, அந்த எழுத்து வரும்போது மட்டும் குரலைப் பாதியாக்கச் சொன்னார்கள். ஆறு பேரில் நாலு பேர் ழ சொன்னால் காதுக்கு ழ.

தொண்டையில் செய்த வேலை

ஒவ்வொரு பிராக்டிஸுக்கும் முதல் 12 நிமிடம் இதற்கு. பாட்டுப் படித்தே வார்ம்அப் ஆகிவிடும் என்று நினைக்கும் குழுக்கள் அதிகம். முதல் பாட்டில் வரும் உயர்ந்த சுரம்தான் குளிர்ந்த தொண்டையைச் சிராய்க்கிறது.

கழுத்து, தோள் தளர்த்த இரண்டு நிமிடம். பிறகு மூச்சு: தோள் உயராமல், கீழ் விலா பக்கவாட்டில் விரியும்படி 4 எண் இழுத்து, 'ஸ்' என்று சீராக 12 எண் விடுவது. வாரம் தோறும் இரண்டிரண்டு எண் கூட்டி 20 வரை போகலாம். கடைசி இரண்டு எண்ணில் ஒலி நடுங்கினால் முதல் நான்கு எண்ணில் செலவாளியாக இருந்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது ஸ்ட்ரா. டம்ளரில் பாதித் தண்ணீர், ஸ்ட்ராவின் நுனி இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தில், உதடு இறுக மூடி, ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று கீழிருந்து மேலே வழுக்கி ஏறி இறங்குவது. மூன்று நிமிடம். குரல் ஆய்வாளர் இங்கோ டிட்சே பிரபலமாக்கிய பயிற்சிகளின் வகை இது. வாய்முனை குறுகுவதால் காற்றழுத்தம் தொண்டைக்குத் திரும்பி வந்து நிற்கிறது. குரல்நாண்கள் ஓங்கி மோதாமல் இலேசாகத் தொட்டு அதிர்கின்றன. குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை. இளநீர்க் கடை ஸ்ட்ராவை நம்ப வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, இப்போது வருவது காகித ஸ்ட்ரா, சீக்கிரமே ஊறிக் கூழாகிவிடும். ஆளுக்கொரு ஸ்டீல் ஸ்ட்ரா, ஐந்தாறு மி.மீ. துளை, வீட்டிலிருந்து அவரவர் டம்ளர்.

மீதி நேரம் உதட்டை 'பர்ர்ர்' என்று அதிரவிட்டு ச ரி க ம ப ம க ரி ச, அரைச் சுரம் அரைச் சுரமாக மேலே.

இந்தப் பாட்டின் உண்மையான கழுத்தறுப்பு 'விழித்திருந்து' என்பதன் முதல் எழுத்து. சோப்ரானோவுக்கு அங்கே மேல் ஈ சுரம், நொடிக்கு 659 அதிர்வு. இகரம் இகரமாகக் கேட்பதற்கு வாய்க்குள் உண்டாகும் முதல் ஒத்ததிர்வு (வாயின் வடிவம் தானாகவே பெருக்கிக் காட்டும் ஒலி) 300 அதிர்வு அளவில் இருக்கும். பாடும் சுரமே அதற்கு இரண்டு மடங்கு மேலே போய்விட்டபோது, சுத்தமான இகரத்துக்கு அந்த உயரத்தில் இடமே இல்லை. சுத்தமாகச் சொல்லியே தீருவேன் என்று பல்லைக் கடித்தால் ஒலி மெலியும். மெலிந்ததை ஈடுகட்ட அழுத்துவார்கள், குரல்வளை மேலே ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். பத்து பேரில் ஆறு பேருக்குப் புடைத்தது.

செய்ய வேண்டியது, தாடையை எகரத்தின் அளவுக்கு இறக்கி, நாக்கின் விளிம்பை மட்டும் இகரத்தின் உயரத்தில் மேல்கடைவாய்ப் பற்களோடு ஒட்டி வைப்பது. தனியாகக் கேட்டால் 'வெ' போலத்தான் இருக்கும். ஆனால் கீழே ஆல்ட்டோவும் டெனரும் சுத்தமான 'வி' சொல்கிறார்கள். காது உயிரை அவர்களிடமிருந்து வாங்கி, உயரத்தைச் சோப்ரானோவிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. கோரஸ் பாட்டில் சொல்லைச் சுமக்கும் பொறுப்பு சுரம் தாழ்ந்தவர்களுடையது. ஆல்ட்டோக்கள் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது தனி லாபம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் அமுக்கி எஃப் மேஜருக்கு இறக்கும் யோசனையும் வந்தது. இறக்கினால் பேஸின் அடிச் சுரம் கீழ் எஃப் ஆகிவிடும். அதைக் கேட்கும்படி பாடுபவர் குழுவில் ஒருவர்தான்.

பேச்சு நேரத்துத் தொண்டையையும் விடக்கூடாது. ஆசிரியைகள் வாரம் முழுக்க வகுப்பில் குரலை ஓட்டிவிட்டுச் சனிக்கிழமை கரகரப்போடு வந்தார்கள். குரல்நாண்கள் அதிகம் மோதுவது அவற்றின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கும் நடுப்பங்கும் சேரும் இடத்தில். முடிச்சு விழுவதும் அங்கேதான். கரகரப்பு இருக்கிற நாளில் அவர்கள் பாடுவதில்லை, தாளத்தோடு சொல்லை உதட்டால் மட்டும் அசைத்தார்கள். கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வல்ல. அடிக்கடி தொண்டையைச் செருமுவதும் மோதல்தான். ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கினால் போதும். கரகரப்பு மூன்று நான்கு வாரம் நீண்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, அரசு இராசாசி மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகு எதுவும் குரல்நாணைத் தொடாது. அது மூச்சுப்பாதையில் இருக்கிறது, விழுங்குவது உணவுப்பாதையில் போகிறது. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவே. அதே காரணத்தால் ஜிகர்தண்டாவையும் அளவுக்கு மீறித் திட்ட வேண்டாம். இரவு பதினொரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு அப்படியே படுப்பதுதான் ஆபத்து: வயிற்று அமிலம் மேலேறி வந்து காலையில் குரல்வளையை வீங்க வைக்கும். ஞாயிறு காலைப் பாட்டுக்குச் சனி இரவு சாப்பாடு எட்டரைக்குள். தண்ணீரும் மேடையேறும் முன் ஒரு பாட்டில் குடிப்பதால் வேலை செய்யாது. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்க வேண்டும். ஆவி பிடிப்பது மட்டும் மூச்சோடு நேராகவே போய்ச் சேரும்.

நிற்பதும் மைக்கும்

தோளோடு தோள் உரச நின்றவர்களை ஒரு முழங்கை அளவு தள்ளி நிறுத்தினார்கள். தன் குரல் தனக்குக் கேட்டதும் பாதிக் கத்தல் தானாக நின்றது. போன் மார்புக்கு மேலே, கண்ணுக்கு நேராக. குனிந்தால் குரல்வளை நசுங்கும்.

மைக்கில் ஒரே ஒரு திருத்தம், ஆனால் ஒரு மாதப் பயிற்சிக்குச் சமம். சவுண்ட் போர்டில் 'எக்கோ' குமிழ் பாதிக்குமேல் திருகியிருந்தது. இரண்டு நொடி ஒலி நிற்கும் கட்டடத்தில் செயற்கை எதிரொலியும் சேர்ந்தால், கனத்த என்பதன் மௌனத்துக்குள் முந்திய 'ன' ஒலி வந்து நிரம்பிவிடும். நாக்கு செய்த வேலை அத்தனையும் வீண். சவுண்ட் பார்க்கும் தம்பி, "எக்கோ இல்லன்னா டிரையா இருக்கும்ணே" என்றார். டிரையாக இருப்பது மேடையில் நிற்பவருக்குத்தான், கடைசி பெஞ்சுக்கு அல்ல. குமிழ் பூஜ்யத்துக்குப் போனது.

டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்குத் தனிக் கணக்கு. வண்டியில் ஜெனரேட்டர் சத்தம், பனி, தெருப்புழுதி. குழுவை இரண்டாகப் பிரித்து வீடு விட்டு வீடு மாறிப் பாடுவது, எல்லாப் பாட்டையும் ஒரு முழுச் சுரம் இறக்குவது, பார்ட்ஸ் வேண்டாம். இவற்றைவிட முக்கியம் வண்டி ஓடும்போது பேசாமல் இருப்பது. இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசுவது பாட்டைவிட அதிகமாகத் தொண்டையைத் தின்னும். எழுதி ஒட்டியும் இந்த விதியை யாரும் மதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்தாம் வாரம்

அதே பெஞ்ச், பாட்டு தெரியாத வேறொருவர், வெள்ளைத் தாள். குழு முன்பைவிடச் சத்தம் குறைவாகத்தான் பாடியது. முதல் வரி ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. வரம் வரமாகவே இருந்தது. இரண்டாம் வரியில் சூழ்ந்தாலும், விழித்திருந்து, வாழ்வோம் மூன்றும் சரி. ஒரே ஒரு சொல் மட்டும் பழையபடி: இருல்.

தேடிப் பார்த்ததில் இது இளையவர்களின் பழைய லகரம் அல்ல. தனியாகக் கேட்டால் எல்லாரும் இருள் என்றே சொல்கிறார்கள். அடுத்த சொல் சூழ்ந்தாலும். சகரத்துக்காக நாக்கு முன்னோக்கி ஓட வேண்டும், அந்த அவசரத்தில் ளகரம் பல்லீறுக்கு இழுபட்டுப் போகிறது. தாளில் 'இருள்' என்பதற்கு இருந்த இரண்டு எண்ணில் கடைசிக் கால் எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, அதற்குள் சுருதியோடு 'ள்' என்று எழுதினார்கள். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு, மற்ற எதையும் தொடுவதற்கு முன், அந்த இரண்டு சொல்லை மட்டும் இருபது முறை.